பேக்கரி முன்னால் நின்றவன்

1

அப்பாவின் முதல் வருஷத் திவசம் போன மாதம் நடந்தது. திருப்பூரில், வேலம்பாளையத்து வீட்டில். நான் ஜெர்மனியின் வடக்கே எங்கள் சிறு நகரத்தில், சமையலறை மேசையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே காலை எட்டு மணி. அடுத்த அரை மணியில் அலுவலகக் கூட்டம் ஒன்று கணினியில் இருந்ததால் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக இருந்தேன். அப்பாவின் திவசத்தில் நான் கலந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

அக்கா தன் போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் பாதி யாரோ ஒருவரின் முழங்கை. படையல் முடிந்து பந்தி நடந்தது. பெரியப்பா மகன் ஒருவர் இலையில் கையை வைத்தபடி, கடைசியில் சித்தப்பாவுக்கு எப்படி ஆனது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னாள்:

"தம்பி பொறப்பட்டுப் போனானில்லீங்க, அன்னிக்குச் சாயந்தரமே ஆரம்பிச்சிருச்சுங்க. பிளைட்ல போய்ட்டிருக்கற பையன பேக்கரி முன்னால பாத்தேன்னாரு. அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, புத்தி தடுமாறுதுன்னு."

பந்தியில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சொம்பில் சாய்ந்திருந்த நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் விமானத்தில் இல்லை.

இது இங்கே என் மனைவியைத் தவிர இன்னும் ஒருத்திக்குத் தெரியும். என் மகள் யாழினி, பதின்மூன்று வயது. இந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறோம். கடந்த ஐந்து வருஷத்தில் எந்தெந்த நாள் நாட்டுக்கு வெளியே இருந்தோம் என்று பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எழுதித் தரவேண்டும். பதினான்கு வருஷமாகியும் என் ஜெர்மன் நான் வேலைபார்க்கும் கிடங்கின் வாசலைத் தாண்டியதில்லை. படிவம் என்றால் மகள்தான். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். கோவையில் புறப்பாடு முத்திரை ஒன்று, அதன்மேல் ரத்து என்று இன்னொரு முத்திரை, பக்கத்திலேயே மறுநாள் தேதியில் மூன்றாவது. என்ன இது என்று ஜெர்மனில் கேட்டாள். விமானம் பழுது, ஒரு நாள் தள்ளிப் போனது என்று தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான், ஆளுக்கொரு கரையில் நின்று.

"அப்ப ஓப்பாவோட ஒரு நாள் கூடுதலா இருந்தீங்களா?" என்றாள். தாத்தாவை அவள் இங்கத்துப் பிள்ளைகள் மாதிரி ஓப்பா என்பாள். நான் "உம்" என்றேன். அவள் சரியான தேதியை எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டாள். ஆக, என் அக்காவுக்குத் தெரியாத அந்த ஒரு நாள் இந்த ஊர் அலுவலகத்து அலமாரியில் ஒரு காகிதத்தில் இருக்கிறது. போனில் அக்காவிடம் சொல்லப் பலமுறை முயன்று தோற்றேன். இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்குத் தபாலில் போகிறது, அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பவள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தார். கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்கு எரியும். அதன்மேல் துணியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி முறிந்து விழுந்த கோடு, தையல் விட்டுப்போன இடம், எதுவானாலும் விரலால் தொட்டு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். அவர் பார்த்து அனுப்பியதை மறுபடி பார்க்க வேண்டாம் என்று கம்பெனியில் பேச்சு. வீட்டிலும் அதே கதைதான். தோசை ஓரத்தில் கருகல், என் நோட்டில் சாய்ந்த எழுத்து, அம்மா அடுக்கிய டப்பாக்களில் ஒன்று கோணல், எல்லாம் வாசற்படியிலிருந்தே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அவர் "நான் பாத்தேன்" என்று சொன்னதோடு முடிந்துவிடும். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அக்காவும் மச்சானும் அவரோடு அந்த வீட்டிலேயே இருந்தார்கள். போன முறை நான் போனபோது அவருக்கு இதயம் வீங்கி, காலில் நீர் கோத்து, நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் மூன்று வாரம் இருந்தேன்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பேசினோம். இரண்டாவது வாரம் பேசியதையே பேசினோம். அங்கே இப்போது மணி என்ன, குளிர் எப்படி, அந்தக் குழந்தை தமிழ் பேசுகிறதா. மூன்றாவது வாரம் நான் கட்டிலோரம் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, அப்பா தூங்கமாட்டாரா என்று காத்திருந்த மகன் நான். தூங்கினால் மாடிக்குப் போய் நிற்கலாம்.

புறப்பட்ட நாள், விடிகாலை ஐந்தரை மணிக்கு வாடகைக் கார் வந்தது. அக்கா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா சென்னிமலைத் திருநீற்றை என் நெற்றியில் பூசி, கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"போய்ட்டு வா கண்ணு. என்னப் பத்தி ரோசன பண்ணாத. உன்ற சோலியப் பாரு" என்றார். பிறகு அழுதார். அம்மா செத்தபோதுகூட அழாதவர். நான் காலில் விழுந்து எழுந்து, அழுதுகொண்டே காரில் ஏறினேன். அனுப்பர்பாளையம் வரைக்கும் அழுதேன். அவிநாசி தாண்டியதும் அழுகை நின்று நெஞ்சு இலேசானது. அந்த இலேசைக் கண்டு எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இலேசாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் புறப்பட்ட கால் திரும்ப வாசல் மிதிக்கக் கூடாது. எதையாவது மறந்து வைத்துவிட்டால் யாராவது ஓடிவந்து தெருவில் கொடுப்பார்கள், நாம் திரும்பக் கூடாது. ஒருமுறை நான் பாஸ்போர்ட் பையையே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பா என்னைத் திரும்பி வரவிடாமல் அவிநாசியில் காரை நிறுத்தச் சொல்லி, அறுபத்தைந்து வயதில் மொபெட்டில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

3

கோவை விமான நிலையம் சின்னது. உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகும் அம்மா, சாம்பிள் பெட்டியோடு எக்ஸ்போர்ட் முதலாளி, வளைகுடாவுக்கு முதல்முறை போகிறவன், அவனை வழியனுப்ப வேன் பிடித்து வந்த பதினைந்து பேர். தலையைத் திருப்பினால் யாராவது நம் மாமாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். நான் பதினான்கு வருஷமாக அங்கே எப்போதும் தலையைக் குனிந்துகொண்டே நடப்பவன்.

குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே உட்கார்ந்ததும் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஏறிட்டேன்." ஏறவில்லை. இன்னும் அழைக்கவே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு பழக்கம். அந்த ஒரு வார்த்தையை அனுப்பிவிட்டால் ஊர்க்கணக்கு முடிந்தது, செல்போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடலாம். ஒவ்வொரு முறையும் நான் அரை மணி முன்னாலேயே ஏறிவிடுவேன்.

பத்து மணி விமானம் பதினொன்றாகி, பன்னிரண்டானது. பிறகு ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பெண் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். இயந்திரக் கோளாறு, நாளைக் காலை இதே நேரம். எல்லோரையும் திரும்ப அழைத்துப்போய்ப் புறப்பாடு முத்திரையின்மேல் ரத்து முத்திரை குத்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் போகலாம், வெளியூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டல் அறை என்றார்கள். எந்த வரிசையில் நிற்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வெளியூர் வரிசையில் நின்றேன்.

அறைக்குப் போய்ப் பார்த்தால் அக்காவின் பதில் வந்திருந்தது. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் படுத்தார், நல்லபடியாகப் போய்ச்சேர் என்று. மனைவிக்குப் போன் செய்தேன். அவள் ஈரோட்டுக்காரி, யோசிக்காமல் சொன்னாள்: "அப்ப ஊட்டுக்குப் போங்க. ஒரு நாள் சும்மா கெடச்சிருக்குது." சரி என்று வைத்தேன்.

போகக் கூடாததற்குக் காரணங்களை அடுக்கினேன். புறப்பட்ட கால் திரும்பக் கூடாது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. ஏறிட்டேன் என்று சொல்லியாயிற்று. எல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தன. சகுனம் பார்க்கிற ஆளா நான்? சனிக்கிழமை முடிவெட்டிக்கொள்பவன், அமாவாசையில் கறி தின்பவன். உண்மையான காரணம் வேறு. காலையில் நடந்ததை நாளைக்கு இன்னொரு முறை செய்ய எனக்குத் தெம்பில்லை. அந்த நெற்றியில் வைத்த கை, அந்த அழுகை, மறுபடியும். அதோடு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாள் கையில் கிடைத்திருந்தது, அது எனக்கு வேண்டியிருந்தது. கழுவுற மீனில் நழுவுற மீனாக இருந்தே பழகிவிட்டேன்.

4

மதியம் குளித்து, கைப்பையில் இருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். ஐரோப்பாவில் எந்தச் சின்ன ஊர் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தைப் போய்ப் பார்ப்போம். கோட்டை உண்டா, ஏரி உண்டா என்று விசாரிப்போம். இந்த நிலையத்தின் சுற்றுவட்டாரம் என் சொந்த ஊர். அதை மட்டும் நான் பார்த்ததே இல்லை, கார்க் கண்ணாடி வழியாகக் கடந்திருக்கிறேன்.

சின்னியம்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். ஜெர்மனியில்போல எல்லோரும் வரிசையாக ஏறுவார்கள் என்று ஓரமாக நின்றதில் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்தது சோமனூர், மங்கலம் வழியாகத் திருப்பூர். அவிநாசி ரோட்டில் போனால் சொந்தக்காரர்கள் கண்ணில் படுவோம், இந்த வழியில் யாருமில்லை என்று அதில் ஏறினேன். கண்டக்டர் சீட்டைக் கொடுத்தபோது வாய் தானாக ஜெர்மனில் "டாங்கே" என்று நன்றி சொன்னது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுற்றுலாப் பயணிபோலப் படம் எடுத்துக்கொண்டே போனேன். சோமனூர் தாண்டியதும் இருபுறமும் விசைத்தறிச் சத்தம், பஸ் நின்றாலும் நிற்காத சத்தம். மின்கம்பங்களில் இந்தியிலும் ஒடியாவிலும் வாடகை அறை விளம்பரங்கள். டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை என்று துணிப் பதாகைகள். மூன்று வாரம் இந்த ஊரில் இருந்தும் மருந்துக்கடையையும் கட்டிலையும் தவிர எதையும் பார்க்கவில்லை என்று உறைத்தது. சாயக்கழிவு ஓடும் நொய்யலின் பாலத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் மட்டும் மூக்கைப் பொத்தினேன்.

மங்கலத்தில் ஒரு கணவனும் மனைவியும் தூங்கும் குழந்தையோடு ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்த அந்தப் பெண்ணின் பெயர் ஜெபா என்று கணவன் கூப்பிட்டதில் தெரிந்தது. மங்கலத்தில் தறி வேலைக்கு வந்து, தங்க இடம் ஒத்துவராமல், வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போகிறார்கள். செல்போனில் வந்திருந்த முகவரியை என்னிடம் காட்டி எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். முகவரி என்று பார்த்தால் ஒரு பேக்கரியின் பெயர்தான், அதன் முன்னால் வந்து நின்றால் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தது. அது எங்கள் சந்து முனையில் இருக்கும் பேக்கரி.

வாயால் வழி சொல்லியிருக்கலாம். பஸ் நம்பர், இறங்கும் இடம், இரண்டு வாக்கியம். ஆனால் நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன், வாங்க என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கால் போகமாட்டேன் என்ற இடத்துக்கு வாய் போய்விட்டது.

"அண்ணாச்சி உள்ளூருதானா?" என்றாள் ஜெபா.

"இல்லீங்க, நான் வெளியூருங்க" என்றேன். என் இல்லீங்களையும் வெளியூருங்களையும் கேட்டுப் பக்கத்துச் சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

5

திருப்பூர் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் மாறி, ஐந்தரை மணி வாக்கில் இறங்கினோம். ஜெபாவின் சித்தி மகள் பேக்கரி வாசலிலேயே நின்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மூவரையும் அழைத்துப் போய்விட்டாள். எனக்கு இனி அங்கே வேலை இல்லை. ஒரு டீ சொன்னேன். டீ மாஸ்டர் புதிய ஆள், அசாம்காரர் போலிருந்தது, என்னைத் தெரியாது.

கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம், சந்துக்குள் இரண்டாவது வீடு எங்களுடையது. ஐம்பது அடி இருக்கும். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

காலையில் படுத்தவர் இன்னும் படுத்தேதான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரையில் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் சீதாதேவி. ஜார்க்கண்ட் பெண். வீட்டிலேயே பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அவள் இந்தி பேசுவாள், அப்பா கொங்குத் தமிழ் பேசுவார், இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் வெட்டி வைத்த பீஸை அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, மேற்கு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் ஏதோ அகப்பட்டது. விரலால் தொட்டுக் காட்டி அவளிடம் கொடுத்தார், அவள் சிரித்துக்கொண்டே வாங்கி ஒதுக்கினாள். மூன்று வாரம் பக்கத்திலேயே இருந்தும் அவரை இவ்வளவு நன்றாக நான் பார்க்கவில்லை. அறைக்குள் அவர் எனக்கு நோயாளி. அங்கே அவர் வேலையில் இருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. ரோட்டைக் கடந்து போய்விடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. போய், பிளைட் ரத்துங்கப்பா என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒரு காலை ரோட்டில் வைத்தேன்.

அவர் அடுத்த பீஸைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. துணியைக் கீழே இறக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தபின் தூரத்தில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிறது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர். என்னைத்தான் பார்த்தார். கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே மடித்து, வா என்று அசைத்தார்.

இடையில் ஒரு லாரி போனது. அது போய் முடிந்தபோது அவர் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய மனிதர், தானாக.

நான் என்ன செய்தேன் என்றால், பேக்கரியின் குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏறிட்டேன் என்று அனுப்பியவன் இங்கே எப்படி வந்தான், காலையிலிருந்து எங்கே இருந்தான், வீட்டுக்கு வராமல் எதிர்க்கடையில் நின்று ஏன் டீ குடித்தான் என்று அக்கா கேட்பாளே, அதற்கு என்ன பதில் என்றுதான் அந்த நேரத்தில் என் புத்தி போனது. காசை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கத் தெருவில் ஆட்டோ பிடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் விமானத்தில் ஏறினேன். வளைகுடாவில் விமானம் மாறுமிடத்தில் ஒரு நாள் தாமதம் என்று அக்காவிடம் சொன்னேன். ஓட்டலில் படுத்துத் தூங்கிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

6

அன்று சாயங்காலம் பிறகு நடந்ததை அக்கா போனில் சொல்லித்தான் அறிந்தேன். அப்பா எழுந்து, நிற்க முடியாமல் கேட்டின்மேல் சாய்ந்து விழுந்தார். முழங்கையில் அடி. சீதாதேவி போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தாள். பையன் பேக்கரி முன்னால் நிற்கிறான், உள்ளே வரச் சொல் என்றார். அக்கா பேக்கரிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாருமில்லை. நீலச் சட்டை போட்டிருந்தான் என்றார் அப்பா. காலையில் தம்பி வெள்ளைச் சட்டையில்தானே போனான் என்றாள் அக்கா. அந்தச் சட்டை நிறம்தான் அவர் புத்தி தடுமாறியதற்குச் சாட்சியானது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னார்கள். இந்த வயதில் உடம்பில் உப்பு குறைந்தால் இல்லாதது தெரியும் என்றார் அவர். மாத்திரை எழுதினார். கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அக்கா சீதாதேவியிடம் சொல்ல, அவள் வேலையைத் தன் வீட்டுக்குள் எடுத்துப் போய்விட்டாள். கீழே விழுந்துவிடுவார் என்று நாற்காலியும் உள்ளே போனது. அப்பா திரும்ப அந்த அறைக்குள் போனார். அக்கா மேல் பிழை இல்லை. அவள் இடத்தில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் மச்சானும் இருந்தார். அப்பா குரல் தெளிவாக இருந்தது.

"கண்ணு, உன்ற அக்கா என்னப் பைத்தியக்காரனாக்கறா. நீயே சொல்லு. அன்னிக்குச் சாயந்தரம் நீ பேக்கரிகிட்ட டீ கிளாஸோட நின்னயில்ல?"

எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு நான் ஒரே ஒரு ஆமாங்க கடன்பட்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"இல்லீங்கப்பா. நான் அப்ப பிளைட்ல இருந்தேனுங்க."

அப்பா, "அப்பச் சரி. என்ற கண்ணுதான் டேமேஜ் ஆயிருச்சாட்ட இருக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அக்கா போனை வாங்கி, நீ சொன்னதும் நல்லதாகப் போயிற்று, இனி அடம்பிடிக்கமாட்டார் என்று ரகசியமாகச் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து இறந்தார். அந்த நேரம் பார்த்து என் வசிப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அட்டை கைக்கு வராமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்குப் பொறுப்பில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மகளை வைத்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் என் கெஞ்சலை நல்ல ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். அங்கே இருந்த அதிகாரியம்மா நல்லவர், வருத்தம் தெரிவித்தார், விதியையும் படித்துக் காட்டினார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது மச்சான்.

இவ்வளவையும் நான் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். திவசத்தன்று அக்கா இன்னொன்றும் சொன்னாள், அதைத்தான் விழுங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வாசலில் ஆள் வந்தால் செருப்பைக் கழற்றுமுன் "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் அந்த அவமானத்தை மூன்று தலைமுறை பேசுவார்கள். அப்பா குளித்துக்கொண்டிருந்தாலும் உள்ளிருந்தே வாங்க என்பவர். கடைசி மாதம், அவரோடு ஒரே மேசையில் இருபது வருஷம் செக்கிங் பார்த்த செல்லமுத்து பார்க்க வந்திருக்கிறார். அறை வாசலில் நின்றிருக்கிறார். அப்பா அவரைப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். முகத்தைத் திருப்பி அக்காவிடம் மெதுவாகக் கேட்டாராம்:

"அங்க ஆராச்சு நிக்கறாங்களா?"

ஆமாங்கப்பா, செல்லமுத்து மாமா வந்திருக்காருங்க என்று அக்கா சொன்ன பிறகுதான் வாங்க என்றாராம். அதுமுதல் யார் வந்தாலும் அப்படித்தானாம். அக்காவும் பார்த்துச் சொன்னால்தான் நம்புவாராம். கடைசிக் காலத்தில் குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். பந்தியில் மறுபடி உச்சுக்கொட்டினார்கள். எனக்கு இங்கே கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று திரையில் மணி அடித்தது. போனை வைத்துவிட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

அக்கா, நீ இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம். மச்சானுக்கும் செல்லமுத்து மாமாவுக்கும் படித்துக் காட்டு. சீதாதேவி இன்னும் அங்கேதான் இருந்தால் அவளுக்கும் புரியும்படி சொல். நீலச் சட்டை, டீ கிளாஸ், பேக்கரி, எல்லாம் சரி. அவர் பார்த்ததில் ஒன்றுகூடப் பிசகில்லை. அடுத்த வருஷம் திவசத்தில் யாராவது கேட்டால், அப்பாவுக்குக் கண்ணும் புத்தியும் கடைசிவரை நன்றாக இருந்தன என்று சொல். பிறகு எதற்கு அன்றைக்கு எழுந்து விழுந்தார் என்று கேட்பார்கள். மகன் வாசல்வரை வந்திருந்தான், கூப்பிட எழுந்தார் என்று சொல்.